ஒல்லித்தடியன்

எங்கள் அத்தை ஒரு எழுத்துரு செய்தாள். இப்படிச் சொன்னால் பலருக்குப் புரிவதில்லை, அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எழுத்துரு செய்வது என்றால் கதை எழுதுவது இல்லை, கையெழுத்தை அழகாக்குவதும் இல்லை. தமிழில் இருக்கிற எல்லா எழுத்துகளையும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒரே சாடையில் வரைந்து எடுப்பது.

அத்தை வரைந்த எழுத்து தடியானது. ஆனால் ஒல்லியானது. கேட்கிறவர்கள் இங்கே ஒருமுறை தடுமாறுவார்கள். கோடு தடி, உடம்பு ஒல்லி. மூன்று பேர் உட்காரும் இருக்கையில் ஐந்து பயில்வான்கள் தோளை ஒடுக்கிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. வால் கிடையாது, கொண்டை கிடையாது, கோடு முடிகிற இடம் கத்தியால் நறுக்கியது போல நிற்கும். புத்தகம் அச்சடிக்க இது ஆகாது. ஒரு பக்கம் படிப்பதற்குள் யாரோ காதுக்குள் கத்துகிற மாதிரி ஆகிவிடும். பலகைக்கும் சுவரொட்டிக்கும் மட்டுமே பிறந்த எழுத்து. இதற்கு அத்தை வைத்த பெயர் ஒல்லித்தடியன்.

பெயர் வைத்த புதிதில் மாடிவீட்டு அம்மா எங்கள் அம்மாவிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்க நாத்தனார் யாரோ ஒல்லித்தடியனோட நாள் பூரா முன்ரூம்லயே இருக்காளாமே?"

"ஆமா," என்றாள் அம்மா, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. "அவனை எப்ப வெளிய அனுப்பறதுன்னுதான் நாங்களும் பாத்துட்டிருக்கோம்."

மாடிவீட்டு அம்மா அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. குட்டையானவள், வேகமாக நடப்பாள், அதைவிட வேகமாகப் பேசுவாள். பள்ளியில் படிக்கும்போது ஒரு பரீட்சையில் பதில்களை எல்லாம் ராட்சத எழுத்தில் எழுதி, ஒரு கேள்விக்கே தாள் தீர்ந்துபோய் மறுபடியும் மறுபடியும் தாள் வாங்கினாளாம். ஏன் இப்படி என்று டீச்சர் கேட்டதற்கு, "நீங்க மேசையிலேருந்தே படிச்சுக்கலாம்ல டீச்சர்" என்றாளாம். இதை அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். கல்யாணப் பேச்சை எடுப்பவர்களிடம் அத்தை, "இடம் கம்மி, பெரிசா எதுவும் வேணாம்" என்று சொல்லிவிடுவாள். எடுத்தவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்று வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் யோசனை வரும்.

இடம் கம்மி என்பது அவள் வேலை பார்க்கும் கடையில் தினமும் கேட்கிற வசனம். பெரிய பலகைகளை அச்சடித்துக் கொடுக்கும் கடை. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவார்கள். "எழுத்து பெரிசா வேணும். அந்தக் கோடியிலேருந்து தெரியணும். ஆனா இடம் இவ்வளவுதான்," என்று கையை விரிப்பார்கள். பார்த்தால் ஒரு தலையணை வைக்கிற இடம்கூட இருக்காது. அதில் கடை பெயர், உரிமையாளர் பெயர், அவருடைய அப்பா பெயர், விற்கிற சாமான் எல்லாம் வர வேண்டும். கடையில் இருக்கிற பையன்கள் கணினியில் எழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அமுக்கிவிடுவார்கள். அமுக்கினால் என்ன ஆகும் என்றால், நின்றுகொண்டிருக்கும் கோடுகள் இளைத்துப்போகும், படுத்துக்கொண்டிருக்கும் கோடுகள் கொழுத்தபடியே கிடக்கும். பேருந்துக் கதவில் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி இருக்கும் என்பாள் அத்தை.

"யாரும்மா இதையெல்லாம் பாக்கறாங்க," என்று முதலாளி அலுத்துக்கொள்வார்.

"பாக்கறதுக்குத்தானே சார் போர்டு," என்பாள் அத்தை.

இப்படித்தான் அமுக்காமலே ஒல்லியாக இருக்கிற ஒரு எழுத்தைத் தானே வரைந்துவிடுவது என்று அத்தை முடிவு செய்தாள். கடை விட்டு வந்ததும் முன்னறைக்குள் போய்க் கட்டம் போட்ட தாளில் வரைவாள். வரைந்ததைக் கறுப்புத் தாளில் வைத்து வெட்டுவாள். வெட்டியதைச் சுவரில் ஒட்டி, கதவு வரை பின்னால் நடந்து போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். பிறகு திட்டுவாள்.

தமிழ் எழுத்துகள் கால் நீட்டிப் படுக்கிற பழக்கம் உள்ளவை. ண என்கிற எழுத்து மட்டுமே ஒரு கட்டிலைப் பிடித்துக்கொள்ளும். அதை எழுப்பி, நிமிர்த்தி, ஒண்டி நிற்க வைக்க வேண்டும். நிற்க வைத்துக் கோட்டைத் தடியாக்கினால் உள்ளே இருக்கிற ஓட்டைகள் அடைந்துபோகும். அந்த ஓட்டைகளை அத்தை ஜன்னல் என்பாள். "ஜன்னலை மூடிட்டா உள்ள யார் இருக்கான்னு எப்படித் தெரியும்? ண இருக்கா, ன இருக்கா, திருடன் இருக்கானா?" முன்னறைச் சுவர் முழுக்க ண தொங்கியது.

"எத்தனை ண இருக்கு? நம்ம ஊருக்கு ஒண்ணு போதாதா?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"இதெல்லாம் தப்பான ண அண்ணா."

"சரியானது எங்கே?"

"அது இன்னும் வரலை."

அப்பாவுக்கு அந்த அறை வேண்டியிருந்தது. அவர் மின்விசிறி, மிக்சி எல்லாம் பழுது பார்ப்பவர். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற நடையில் உட்கார்ந்துதான் வேலை செய்வார். சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் நாங்கள் எல்லோரும் விசிறி இறக்கைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா கொதிக்கிற பாத்திரத்தோடு தாண்டும்போது அப்பா கண்ணை மூடிக்கொள்வார். முன்னறை கிடைத்தால் வாசலில் ஒரு பலகை மாட்டலாம், வாடிக்கையாளர் வந்தால் உட்கார வைக்கலாம் என்பது அவர் கணக்கு.

"உன்னை மாதிரியே குட்டையா, அகலமா வரைஞ்சிருந்தா எப்பவோ முடிச்சிருப்பே," என்றார் அத்தையிடம்.

"அப்ப போர்டுல ரெண்டு எழுத்துதான் புடிக்கும். மீதியை நீதான் வாசல்ல நின்னு சொல்லணும்."

இந்த நேரத்தில்தான் பேருந்துக் கம்பெனி பலகைகளை மாற்றப்போவதாகச் செய்தி வந்தது. எங்கள் ஊர்ப் பேருந்துகளின் நெற்றிப் பலகை மிகவும் குறுகலானது. மாவட்டப் பொது மருத்துவமனை என்பது அதில் பிடிக்காது என்று மா.பொ.ம. என்று எழுதியிருந்தார்கள். விளையாட்டு மைதானம் என்பது வி.மை. ஆகியிருந்தது. வெளியூர்க்காரர்கள் மா.பொ.ம. என்றால் ஏதோ பெரிய மனிதரின் பெயர் என்று நினைத்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் எல்லோரும் ஓட்டுநரிடம் "எங்கப்பா போகுது?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார்கள். இதனால் பேருந்துகள் தாமதமாகி, இனி முழுப் பெயரையும் எழுதுவது என்று கம்பெனி தீர்மானித்தது. பலகை செய்பவர்கள் யார் வேண்டுமானாலும் மாதிரி கொண்டுவரலாம் என்று அறிவித்தார்கள்.

அன்றைக்கே சமையலறையில் ஒப்பந்தம் ஆயிற்று. அம்மாதான் நடுவர். பேருந்துக் கம்பெனி அத்தையின் எழுத்தை எடுத்துக்கொண்டால் முன்னறை அத்தைக்கே. எடுத்துக்கொள்ளாவிட்டால் அத்தை ஒரு வார்த்தை பேசாமல் எல்லா ணவையும் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு அறையைக் காலி செய்ய வேண்டும்.

"ஒரு வார்த்தை பேசாமங்கறது கஷ்டம் அண்ணி," என்றாள் அத்தை.

"சரி, கொஞ்சமா பேசிக்கலாம்," என்றாள் அம்மா.

அத்தை உடனே சோதனையில் இறங்கினாள். எங்கள் முன்னறை ஜன்னலுக்கு நேர் எதிரே பேருந்து நிறுத்தம். தெரு கொஞ்ச தூரம் நேராகப் போய் மருந்துக்கடை இருக்கிற இடத்தில் வளையும். அந்த வளைவிலிருந்து படிக்க முடிந்தால் போதும், பயணி கையைத் தூக்க நேரம் இருக்கும். அதனால் மருந்துக்கடைக்காரரிடம், தான் ஜன்னலில் ஒரு தாளைத் தொங்கவிடுவதாகவும் அவர் கடை வாசலில் நின்று படிக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தாள். முதல் நாள் தாளை விரிக்க ஆரம்பித்தாள்.

"மருத்துவமனை," என்று வளைவிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் பாதி சுருள்லயே இருக்கே."

"ம, ரு ரெண்டையும் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சேம்மா. வேற என்ன இருக்கப்போகுது?"

அத்தை அன்று இரவு சாப்பிடும்போது யாரோடும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது அபூர்வம் என்பதால் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அத்தைக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. ஆட்கள் பலகையைப் படிப்பதே இல்லை. முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துவிடுகிறார்கள். ஊகித்தால் மோசமான எழுத்தும் பாஸ், நல்ல எழுத்தும் பாஸ். எழுத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் யாரும் ஊகிக்கவே முடியாத ஒன்றை எழுத வேண்டும்.

மறுநாள் எங்கள் ஜன்னலில் தொங்கியது: பல்லிகள் கதவைத் தட்டவும்.

மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நிறுத்திவிட்டு மறுபடி படித்தார். பிறகு கடையை விட்டு நடந்தே வந்துவிட்டார்.

"பல்லி எப்படிம்மா கதவைத் தட்டும்?"

"அது பல்லியோட பாடு. நீங்க அங்கேருந்தே படிச்சீங்களா, நடந்து வந்து படிச்சீங்களா?"

"அங்கேருந்தே படிச்சேன். படிச்சதாலதானே நடந்து வந்தேன்."

அடுத்த நாள் நாற்காலிகள் நீந்தக் கூடாது. அதற்கடுத்து பூசணிக்காய்க்கு அனுமதி இலவசம். நிறுத்தத்தில் நிற்பவர்களுக்குக் காலையில் இதைப் படிப்பது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. படித்துக்கொண்டே பேருந்தை விட்டவர்களும் உண்டு. அத்தைக்கு படிப்பவர்களுக்கு எந்த எழுத்து தடுக்குகிறது என்று தெரிந்துகொண்டே வந்தது. சரியான ண கூட வந்துவிட்டது. அன்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். அத்தை அவரை அறையிலிருந்து வெளியே அனுப்பினாள்.

ஒருநாள் டை, ளை இரண்டையும் பார்க்க வேண்டும் என்று, குடைகளை இங்கே வைக்கவும் என்று எழுதித் தொங்கவிட்டாள். அன்று மழை. மாலையில் வீடு திரும்பினால் எங்கள் கம்பிக் கதவு முழுக்கக் குடைகள். அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இதை யார் யாருக்குத் திருப்பிக் குடுக்கறது? ஒருத்தர் வந்து டோக்கன் எங்கேன்னு சண்டை போட்டுட்டுப் போறார்."

"பல்லி கதவைத் தட்டலியே அண்ணி, இவங்க ஏன் குடையை வெச்சாங்க?" என்று அத்தை உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். ஆனால் அந்த ஆச்சரியத்தை அதோடு விட்டுவிட்டாள். ளை தூரத்திலிருந்து நன்றாகத் தெரிந்ததா என்பதுதான் அவள் கவலை. அங்கேதான் தப்பு நடந்தது.

அடுத்துச் சோதிக்க வேண்டியது ந்து, ற்கா. புள்ளி வைத்த எழுத்தும் கால் வாங்கிய எழுத்தும் ஒட்டி வரும்போது நெரிசல் அதிகம். யாரும் ஊகிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவன் எதை ஊகிக்கவே மாட்டான்? அத்தை ஜன்னல் வழியாக நிறுத்தத்தைப் பார்த்தாள். கறுப்புத் தாளில் வெட்டி, ஒரு பலகையில் ஒட்டி, காலையில் தொங்கவிட்டாள்: பேருந்து இங்கே நிற்காது. உச்சி வெயிலில் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவைக்கும்படி மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நிறுத்தத்துக்கு வந்தவர்கள் படித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சில நாள் முன்பு நாற்காலி நீந்தக் கூடாது என்று சொன்ன அதே ஜன்னல், அதே எழுத்துதான். ஆனாலும், "கம்பெனிக்கு வேற வேலை இல்லை, திடீர் திடீர்னு மாத்தறான்" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பேருந்து ஓட்டி வந்தவர்கள் வளைவிலேயே பலகையைப் பார்த்தார்கள். நிறுத்தத்தில் ஒரு ஈயும் இல்லை என்பதையும் பார்த்தார்கள். நிறுத்தாமல் போனார்கள். இப்படியே மதியத்துக்குள் பலகை சொன்னது உண்மையாகிவிட்டது. நடையில் விசிறிக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த அப்பா, இன்றைக்குத் தெரு என்ன இவ்வளவு அமைதி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாராம். மருந்துக்கடைக்காரர் கூட வங்கிக்குப் போக அடுத்த நிறுத்தம் வரை நடந்திருக்கிறார்.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீங்க ஏன் நடந்தீங்க?" என்று பிறகு கேட்டதற்கு, "பல்லி விஷயம் வேறம்மா, பஸ் விஷயம் வேற," என்றார்.

நிறுத்தத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டுக் கம்பெனிக்குத் தொலைபேசி மேல் தொலைபேசி. விசாரிக்க ஒரு பரிசோதகரை அனுப்பினார்கள். அவர் வந்த பேருந்தும் நிற்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து, வேர்த்து வழிய எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இது யாரோட உத்தரவு?"

"என் தங்கச்சியோட உத்தரவு," என்றார் அப்பா.

"அவங்க எந்த ஆபீஸ்?"

"முன்ரூம்."

பரிசோதகர் பலகையைக் கழற்றச் சொன்னார். மறுநாள் காலை அத்தை பணிமனைக்கு வந்து மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாதிரி எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பதும் அதே மேலாளர்தான்.

அன்று சாயங்காலம் அப்பா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு முன்னறைக்குள் போய் மேசை எங்கே வரும் என்று பார்த்தார். அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்த சரியான ணவை மட்டும் மெதுவாகக் கழற்றித் தன் பெட்டிக்குள் வைத்தாள். அதைப் பார்த்ததும் அப்பா நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு நானும் வரேன்," என்றார்.

வெட்டிய எழுத்துகள் எல்லாவற்றையும் அத்தை அந்தப் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"திட்டு வாங்கப் போறதுக்குப் பெட்டி எதுக்கு?"

"திட்டி முடிச்சப்புறம் நேரம் இருந்தா காட்டலாம்ல."

பணிமனையில் நடந்ததை அத்தை ஒரு மாதிரி சொன்னாள், அப்பா ஒரு மாதிரி சொன்னார். இரண்டும் ஒத்துப்போகிற பகுதியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மேலாளர் ஒடிசலான ஆள், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். அத்தையைப் பார்த்ததும், "நீங்கதானா அந்த உத்தரவு?" என்றார். முந்தின நாள் அந்த வழியில் போன ஓட்டுநரையும் வரவழைத்திருந்தார்.

"நீ ஏன்யா நிறுத்தலை?"

"நிற்காதுன்னு போர்டு போட்டிருந்துச்சு சார்."

"யார் போட்டதுன்னு பாக்க மாட்டியா?"

"எழுத்தைப் பாத்தா கம்பெனி போட்ட மாதிரி இருந்துச்சு சார். சொல்லப்போனா நம்ம கம்பெனி போடறதைவிட நல்லா இருந்துச்சு."

"எங்கேருந்து பாத்தே?"

"மருந்துக்கடை வளைவுல திரும்பறப்பவே தெரிஞ்சுதே."

மேலாளர் பேச்சை நிறுத்தினார். அவருக்கு அந்தத் தெரு தெரியும். தங்கள் கம்பெனிப் பலகை மூக்குக்கு நேரே வந்தால்தான் தெரியும் என்பதும் தெரியும். அத்தை அந்த இடைவெளியில் நுழைந்துவிட்டாள். ஆட்கள் படிப்பதில்லை, ஊகிக்கிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்து, பல்லி, பூசணிக்காய் எல்லாம் சொல்லி முடித்தாள். மூச்சு விட்டதாக அப்பாவுக்கு ஞாபகமில்லை.

"தப்பு என்னுதுதான் சார். சிரிப்பாங்கன்னு நினைச்சேன், நடந்து போவாங்கன்னு நினைக்கலை. திட்டணும்னா திட்டுங்க. ஆனா எழுத்தை ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

மேலாளர் பெட்டியைப் பார்த்தார். "நீங்க தொங்கவிட்டதை நான் நம்ப மாட்டேன். வார்த்தையை நான் சொல்றேன், இங்கேயே ஒட்டுங்க. யாரும் ஊகிக்க முடியாததா இருக்கணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சார்."

அவர் சிறிது யோசித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "எழுதுங்க. இன்று அரைநாள் விடுமுறை. நான் இங்க வந்ததிலேருந்து குடுத்ததே இல்லை. கனவுல கூட எவனும் ஊகிக்க மாட்டான்."

அத்தை பெட்டியைத் திறக்கவில்லை. "வேற ஏதாவது சொல்லுங்களேன் சார்."

"ஏன், பயமா?"

"எனக்கில்லை சார்."

"எழுதுங்கம்மா."

அத்தை எழுதினாள். ஒரு பழைய நெற்றிப் பலகையில் எழுத்துகளை ஒட்டினாள். இன்று அரைநாள் விடுமுறை என்பது முழுதாகப் பிடித்து ஓரத்தில் இடமும் மிச்சம் இருந்தது. ஓட்டுநர் அதைத் தூக்கிக்கொண்டு போய், பேருந்துகளைக் கழுவும் கொட்டகைச் சுவரில் உயரமாக மாட்டினார். மேலாளரும் அத்தையும் அப்பாவும் பணிமனை வாசல் வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்தும் றையின் வளைவு தெரிந்தது, ளின் புள்ளி தெரிந்தது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், அப்போதும் தெரிந்தது. "பரவாயில்லையே, இந்த..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. தண்ணீர்க் குழாய் சத்தமும் நின்றிருந்தது. பேருந்துக்கு அடியிலிருந்து ஒவ்வொருவராக மெக்கானிக்குகள் வெளியே வந்தார்கள். கை கழுவினார்கள். சட்டை மாற்றினார்கள். சாப்பாட்டு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி வந்தார்கள்.

"ரொம்ப நன்றி சார்," என்றார் முன்னால் வந்தவர். அவர் குரல் நெகிழ்ந்திருந்தது.

"ஏய், அது சும்மா மாதிரிப்பா. சாம்பிள்."

"சரிங்க சார். இந்த சாம்பிளே போதும்."

"லீவு கிடையாதுன்னு நான் சொல்றேன்."

மெக்கானிக் மேலாளரைப் பார்த்தார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். இரண்டையும் எடை போட்டார். "நீங்க வாயால சொல்றீங்க சார். அது போர்டு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

டிக்கெட் எண்ணும் அறைப் பெண்கள் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. நேற்று வெயிலில் நடந்த பரிசோதகரும் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, அத்தையை ஒரு தடவை மரியாதையாகப் பார்த்துவிட்டு, கூட்டத்தோடு போனார். மேலாளர் கையை விரித்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றார். எல்லோரும் அவரை ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் ஓட்டுநர், அத்தை, அப்பா, ஒரு நாய், இவ்வளவுதான் மிச்சம். ஓட்டுநர் வண்டி எடுக்க வேண்டிய முறை என்பதால் நின்றார், ஆனால் அவரும் சுவரை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்தார்.

"இறக்கிடவா சார்?" என்று அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"இனிமே இறக்கி என்ன."

அப்பாவுக்கு அந்த நிமிஷத்தில் முன்னறை தனக்குத்தான் என்று தோன்றியதாம். மேசையை ஜன்னல் பக்கமே போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தாராம். ஆனால் தங்கை பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது அந்த நினைப்பு இனிக்கவில்லை என்று அவரே சொன்னார். அத்தையின் கதையில் இந்த இடம் இல்லை. இருந்தாலும் இதை எழுதுகிறேன், அப்பா அடிக்கடி சொல்கிற விஷயம் இல்லை என்பதால்.

"சார், தங்கச்சி மேல தப்பு இருக்கு," என்றார் அப்பா. "ஆனா உங்க ஆளுங்க எல்லாரும் படிச்சாங்க. ஒருத்தர்கூட என்ன எழுதியிருக்குன்னு கேக்கலை."

மேலாளர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். காலியான பணிமனையைப் பார்த்தார். பிறகு, "மாவட்டப் பொது மருத்துவமனை முழுசா புடிக்குமா?" என்றார்.

அத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒட்டிக் காட்டினாள். பிடித்தது.

"சரி," என்றார் மேலாளர். "எடுத்துக்கறோம். ஆனா ஒரு நிபந்தனை. இடத்தோட பேரைத் தவிர இந்த எழுத்துல எங்க டிப்போ பக்கம் வேற எதுவும் வரக் கூடாது. வா, போ, நில்லு எதுவும் கூடாது."

"வினைச்சொல் வேணாங்கறீங்க."

"அதுக்குப் பேர் என்னவோ, அது வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா நேரே போய் நடையில் உட்கார்ந்து, பாதியில் விட்ட விசிறியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை நாங்கள் இறக்கைகளைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகிறோம். முன்னறையில் அத்தை இப்போது எண்களை வரைகிறாள். சுவர் முழுக்க எட்டு.

புதுப் பலகையோடு முதல் பேருந்து எங்கள் தெருவுக்கு வந்த காலையில் அத்தை வேலைக்குப் போக நிறுத்தத்தில் நின்றிருந்தாள். வளைவில் பேருந்து திரும்பியதுமே மாவட்டப் பொது மருத்துவமனை பளிச்சென்று தெரிந்தது. நின்றவர்கள் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். யாரும் ஓட்டுநரிடம் எங்கே போகிறது என்று கேட்கவில்லை. எழுத்து மாறியதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை. ஏறினார்கள், உட்கார்ந்தார்கள். அத்தை மட்டும் பேருந்துக்கு முன்னால் நடுத்தெருவில் நின்று, கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏறலியா?" என்றார் நடத்துநர்.

"இருப்பா. அந்த ட் மேல புள்ளி கொஞ்சம் ஏறி உக்காந்திருக்கு."

நடத்துநர் புள்ளியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், விசில் கொடுத்தார். ஓட்டுநர் அத்தையைச் சுற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். அப்பா ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்கு நேரமாகலியா?"

"அடுத்த பஸ்ல போறேன் அண்ணா."

"அதுலயும் அதே புள்ளிதான் இருக்கும்."

அத்தை ஏற்கெனவே வளைவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.